விளக்கில் சிக்காத முயல்கள்

1880ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குத்தகை விவசாயிக்கு ஓர் உரிமையைக் கொடுத்தது. அதே சட்டத்தின் ஆறாம் பிரிவில் அதில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. அதுவரை அந்த நாட்டில் பயிர் குத்தகைக்காரருடையது, பயிரைத் தின்னும் முயலோ பெரும்பாலும் நிலக்கிழாருடையது. வேட்டை உரிமையைத் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அவர் நிலத்தைக் குத்தகைக்கு விடுவார். கோதுமையை முயல் மொட்டையடித்தாலும் உழுதவர் வேலியோரம் நின்று பார்க்க வேண்டியதுதான். கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த அந்தச் சட்டம், குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் தன் வயலில் முயலைக் கொல்லும் உரிமை உழுபவருக்கும் உண்டு என்றது. கூடவே, பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆனதிலிருந்து விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை துப்பாக்கியைத் தொடக் கூடாது என்றும் சொன்னது. முயல் வயலுக்கு வருவதே அந்த நேரத்தில்தான்.

இந்தத் தடை தளர 101 ஆண்டுகள் ஆயின. இடையில் 1954இல் வந்த பூச்சி, பிராணித் தொல்லைச் சட்டம் முயலை ஒழிப்பதை நிலம் வைத்திருப்பவரின் கடமையாகவே ஆக்கிவிட்டது. ஒழித்தே ஆக வேண்டும், ஆனால் இரவில் சுடக் கூடாது. இந்த விநோதம் 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் வரும்வரை நீடித்தது. அதிலும் ஒரு முடிச்சு உண்டு. வேட்டை உரிமையில் நிலக்கிழாருக்கும் பங்கு இருந்தால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். சுடுபவர் அந்த விவசாயியாகவோ அவர் எழுதிக்கொடுத்த இன்னொருவராகவோ மட்டும் இருக்கலாம். இரவில் துப்பாக்கியோடு வயலில் நடமாடுபவன் திருடன்தான் என்று 1828இலேயே இரவு வேட்டைத் திருட்டுக்குத் தனிச் சட்டம் போட்ட நாடு அது. அந்தச் சந்தேகம் லேசில் போகவில்லை.

இவ்வளவு காலம் பூட்டி வைத்த அறைக்குள் பெரிய புதையல் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இருந்ததா?

இரவில் விளக்கடித்து முயல் சுடுவது பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்று நாடுகளிலும் பண்ணை வேலைகளில் ஒன்று. பிரிட்டனில் ‘லாம்ப்பிங்’ என்பார்கள், தெற்கே ‘ஸ்பாட்லைட்டிங்’. சுடப் போகிறவரைக் கேட்டால் நேற்று நாற்பது, போன வாரம் அறுபது என்று கணக்குச் சொல்வார். அந்தக் கணக்கு உண்மையாகவே இருக்கும். அது பயிரைக் காப்பாற்றியதா என்பது வேறு கேள்வி. ஒன்றரை நூற்றாண்டாக மூன்று நாடுகளும் பட்ட அனுபவத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இரவுத் துப்பாக்கி கடைசியில் எடுக்க வேண்டிய கருவி. அதை முதலில் எடுப்பவர் ஆயுள் முழுக்கச் சுட்டுக்கொண்டே இருப்பார்.

எந்த முயல் என்று முதலில் தெளிவாக வேண்டும். தமிழில் ஒரே சொல்லால் இரண்டு விலங்கைக் குறிக்கிறோம். நம் மானாவாரிக் காடுகளில் குதித்தோடும் முயல் வளை தோண்டுவதில்லை. புதரடியில் ஒரு சிறு பள்ளம் போதும் அதற்கு. குட்டி பிறக்கும்போதே உடம்பில் மயிர், கண் திறந்திருக்கும். ஐரோப்பியக் குழிமுயல் அப்படியல்ல. மண்ணுக்குள் வளைக்கு வளை வழி வைத்து, குடும்பம் குடும்பமாக வாழும். அதன் குட்டி மயிரின்றி, கண் மூடிப் பிறக்கும். கூண்டில் வைத்துக் கறிக்கு வளர்க்கிறோமே, அந்த வெள்ளை முயலின் மூதாதை அதுதான். இந்தக் கட்டுரை பேசுவது குழிமுயலைப் பற்றி மட்டும். நம் காட்டு முயல் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முயல் வேட்டைக்குப் போனவர்களை வனத்துறை பிடித்த செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் அந்தச் செய்தியில் இடம்பிடிக்க வேண்டாம்.

குழிமுயலின் வாய் சிறியது, மேய்ச்சல் பெரியது. ஏழிலிருந்து பத்து முயல் சேர்ந்தால் ஒரு செம்மறியின் தீனியைத் தின்றுவிடும் என்பது பிரிட்டிஷ் பண்ணைகளில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. குளிர்காலக் கோதுமையில் ஹெக்டேருக்கு ஒரு முயல் இருந்தால் விளைச்சலில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு போகும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அடையாளம் தவறாது. வேலிப்புதரை ஒட்டி அரைவட்டமாகப் பயிர் தரையோடு தரையாக இருக்கும். தாள்களைக் குனிந்து பார்த்தால் கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கியதுபோல் வெட்டு. வளையிலிருந்து விலக விலகப் பயிர் உயர்ந்துகொண்டே போகும். முயல் எங்கே குடியிருக்கிறது என்பதை வயலே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அந்த இரவைப் பார்ப்போம். பிரிட்டனில் ஒரு பிப்ரவரி இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலா இருக்கக் கூடாது. கொஞ்சம் காற்று வேண்டும், காலடிச் சத்தத்தை அது மறைக்கும். காற்றுக்கு எதிர்முகமாகத்தான் நடப்பார்கள், மனித வாடை முன்னால் போய்விடாமல். ஒருவர் கையில் விளக்கு, மற்றவர் கையில் ரைஃபிள். நம் ஊர் என்.சி.சி. மாணவர்கள் சுட்டுப் பழகும் அதே ‘பாயிண்ட் டூடூ’ ரகம்தான். ஒலியின் வேகத்துக்குக் குறைவாகப் போகும் தோட்டாவைப் போட்டு, குழல் முனையில் சைலன்சரையும் மாட்டிவிட்டால் கைதட்டும் அளவுக்குக்கூடச் சத்தம் வராது. ஆனால் அந்தத் தோட்டா சோம்பேறி. ஐம்பது அறுபது மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது, தாழ்ந்துகொண்டே போகும்.

விளக்கைச் சட்டென்று வீசிவிடக் கூடாது. வேலியோரமாக மெல்ல ஓட்டிக்கொண்டு போனால் புல்லில் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதுதான் முயலின் கண். செம்மறியின் கண்ணும் நரியின் கண்ணும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பளிச்சென்று எரியும், ஏனென்றால் அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிபோன்ற படலம் உண்டு. முயலுக்கு அது கிடையாது. பின்னாலுள்ள இரத்தத்தின் நிறம்தான் மங்கிய சிவப்பாகத் தெரிகிறது. ஆனாலும் பழகியவர்கள் கண்ணை மட்டும் பார்த்துச் சுடமாட்டார்கள். காது, முதுகு, முழு உருவமும் தெரிய வேண்டும். அதற்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்தச் சின்னத் தோட்டாவுக்கு ஒரு கெட்ட குணம்: உறைந்த மண்ணிலோ கல்லிலோ பட்டால் தெறித்துத் திசை மாறிப் போகும். ஒன்றரை மைல்வரை போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். அதனால் பின்னால் மண்மேடு இருந்தால்தான் விசையை அழுத்துவது. தலையில் பட்டால் நின்ற இடத்திலேயே விழும். வயிற்றில் பட்டால் வளைக்குள் ஓடி, யார் கண்ணுக்கும் படாமல், நேரம் எடுத்துக்கொண்டு சாகும்.

முதல் முயல் விழும்போது பத்தடி தள்ளி மேயும் இன்னொன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். இரண்டாவது, மூன்றாவது விழும்வரை நடக்கும். பிறகு எங்கோ ஒன்று பின்னங்காலால் தரையைத் ‘தொப்’பென்று அடிக்கும். அவ்வளவுதான், அந்த வேலியோரம் அன்றைக்குக் காலி. அடுத்த வாரம் அதே இடத்தில் விளக்கைப் போட்ட மாத்திரத்தில் வெள்ளை வால்கள் வளைக்குள் மறைவதுதான் தெரியும். விளக்குக்குப் பயந்துபோன முயல் என்று இவற்றுக்குத் தனிப் பெயரே இருக்கிறது. சிவப்புக் கண்ணாடியை விளக்கில் மாட்டிப் பார்ப்பார்கள், கொஞ்ச நாள் பலிக்கும். இப்போது உடல்சூட்டைப் படமாகக் காட்டும் கருவி வந்துவிட்டதால் விளக்கே தேவையில்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் மண்ணுக்கடியில் படுத்திருக்கும் முயலை எந்தக் கருவியும் காட்டாது.

கணக்குக்கு வருவோம், ஏனென்றால் துப்பாக்கி தோற்கும் இடம் இதுதான். பெட்டை முயலின் சினைக்காலம் சுமார் முப்பது நாள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினைப்பட அதனால் முடியும். பண்ணையில் நூறு முயல், அதில் பாதி பெட்டை என்று வையுங்கள். ஆண்டுக்குப் பெட்டைக்குப் பத்துக் குட்டி என்று குறைத்தே போட்டாலும் ஐந்நூறு குட்டிகள், மொத்தம் அறுநூறு. அடுத்த ஆண்டும் நூறாகவே இருக்க வேண்டுமானால் ஐந்நூறு சாக வேண்டும், ஆறில் ஐந்து. இது குறைப்பதற்கான கணக்குகூட இல்லை, கூடாமல் வைத்திருப்பதற்கான கணக்கு.

அந்த ஐந்நூறில் பெரும்பங்கை நரியும் மரநாய் இனங்களும் நோயும் ஈரமும் பார்த்துக்கொள்ளும். பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வயதைக் காண்பதே இல்லை. ஆகஸ்டு மாதம் விளக்கை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு யார் கிடைப்பார்கள்? வளையைவிட்டு வந்து சில வாரமே ஆன, வெளிச்சத்தைக் கண்டால் மலைத்து நிற்கும் இளசுகள்தாம். ஒரே இரவில் ஐம்பது விழும், வண்டியின் பின்பலகையில் வரிசையாக அடுக்கிப் படமும் எடுக்கலாம். அந்த ஐம்பதில் பெரும்பாலானவை துப்பாக்கி இல்லாமலே பனிக்காலத்துக்குள் செத்திருக்கும். துப்பாக்கி செய்தது நரியின் வேலையைக் கொஞ்சம் குறைத்ததுதான். மாறாக, பிப்ரவரியில் உயிரோடு இருப்பவை பனியையும் பசியையும் தாண்டி வந்தவை, பெட்டைகளில் பல சினையோடு இருப்பவை. அப்போது ஒன்றைச் சுட்டால் அந்த ஆண்டின் ஒரு குடும்பத்தையே சுட்டதாகும். ஆனால் பிப்ரவரி இரவில் கை விறைக்கும், கிடைப்பது எட்டோ பத்தோ. யாரும் படம் எடுப்பதில்லை.

சுடுகிற நேரத்தில் உள்ள இந்தக் கோளாறு தனிமனிதர்களின் அறியாமை மட்டுமல்ல. சுடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. சுகம் இருக்கும் இடத்தில் மனிதர்கள் வேலை முடிந்துவிட வேண்டும் என்று மனதார விரும்புவதில்லை. ஆஸ்திரேலியாவின் கதையே அந்தச் சுகத்தில் தொடங்கியதுதான்.

1859 கிறிஸ்துமஸ் நாளில் இங்கிலாந்திலிருந்து 24 முயல்கள் மெல்போர்ன் துறைமுகத்தில் இறங்கின. விக்டோரியாவில் பார்வன் பார்க் என்ற பண்ணை வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின், சொந்த ஊர்போலச் சுட்டு விளையாடலாம் என்று வரவழைத்தவை. 1867இல் அங்கு வந்த இளவரசர் ஆல்ஃபிரட் ஆசை தீரச் சுட்டுவிட்டுப் போனார். கண்டம் முழுக்கப் பரவிய முயல்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவற்றின் வேர் அந்த ஒரு இறக்குமதியில்தான் என்று 2022இல் வெளியிட்டார்கள். கவனியுங்கள்: துப்பாக்கி பிற்பாடு வந்த மருந்து அல்ல, முயலோடு சேர்ந்தே இறங்கியது. முயல் ஒரு கண்டத்தைத் தின்றது முழுக்கத் துப்பாக்கிகளின் கண்ணெதிரில்தான்.

1887இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு, முயலை ஒழிக்கும் வழி சொல்பவருக்கு 25,000 பவுன் பரிசு அறிவித்தது. லூயி பாஸ்டர் தன் மனைவியின் சகோதரி மகன் அட்ரியன் லுவாரைக் கோழிக் காலராக் கிருமியோடு அனுப்பிவைத்தார். பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை வேலி போட்டது. முதல் வேலி மட்டுமே 1,833 கிலோமீட்டர். கட்டி முடிப்பதற்குள் முயல் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. பிறகு 1950இல் மிக்சோமா வைரஸை மர்ரே ஆற்றுப் படுகையில் விட்டார்கள். கொசு அதைச் சுமந்துகொண்டு போனது, முயல்கள் கோடிக்கணக்கில் மடிந்தன. அதே சமயத்தில் அந்தப் பகுதி மக்களிடையே மூளைக்காய்ச்சல் பரவ, வைரஸ்தான் காரணம் என்று பீதி கிளம்பியது. மெக்ஃபார்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர், இயன் குளூனிஸ் ராஸ் ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டு, மனிதரை அது ஒன்றும் செய்யாது என்று காட்டினார்கள். சில ஆண்டுகளில் வைரஸின் வீரியம் குறைந்ததையும் முயலின் எதிர்ப்பு கூடியதையும் ஃபென்னரே அளந்து எழுதினார். 1995இல் அடுத்த வைரஸான கலிசி, சோதனை நடந்துகொண்டிருந்த வார்டாங் தீவிலிருந்து தப்பித் தானாகவே கரை சேர்ந்தது.

இந்த நீண்ட கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வைரஸ் அல்ல, டிராக்டர். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மண் இறுகியது. அங்கே புதிதாக வளை தோண்டுவது முயலுக்கு எளிதல்ல. பழைய வளைகளைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொள்கிறது. ஒரு வளைத்தொகுதியின் முயல்களை எல்லாம் சுட்டு எடுத்தாலும், வீடு காலியாக இருக்கிறது என்று பக்கத்து முயல் வந்து குடியேறிவிடும். நம் வயலில் வரப்பு வளைகளை விட்டுவிட்டு எலிகளை மட்டும் அடித்தால் என்ன ஆகுமோ அதேதான். அதனால் உளிக்கலப்பைபோல நீண்ட கொழுக்களைப் பூட்டிய டிராக்டரை விட்டு, வளைகளை ஆழக் கிழித்து இடித்துத் தள்ளினார்கள். குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கில் புல்லூ டவுன்ஸ் என்ற மாபெரும் பண்ணையில், வறட்சிக் காலத்தில் முயல்கள் ஒதுங்கும் இடங்களைப் பார்த்து அங்குள்ள வளைகளை மட்டும் இடித்தார்கள். மழை வந்தும் முயல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வைரஸ் ஆளைக் குறைக்கும்போதே வீட்டையும் இடித்துவிட வேண்டும், மிச்சம் இருப்பதைப் பிறகு சுட வேண்டும். ஆஸ்திரேலிய வேளாண் துறைகளின் வழிகாட்டிகள் எல்லாம் துப்பாக்கியை வைப்பது இந்தக் கடைசி வரியில்தான்.

அது ஏன் விவசாயிகளின் மனதில் முதல் வரிக்கு ஏறிக்கொள்கிறது? ஒரு காரணம் பணம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் முயல் கறிக்கு ஆஸ்திரேலியாவில் ‘மண்ணுக்கடி ஆட்டுக்கறி’ என்று பெயர். தோல் தொப்பித் தொழிலுக்குப் போனது. ஆக்குப்ரா தொப்பி இன்றும் முயல் மயிரில்தான் செய்யப்படுகிறது. முயல் பிடிப்பதே பிழைப்பாக இருந்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். தோலுக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று காசு வரும்போது முயலை அடியோடு ஒழிக்க எந்த மடையன் விரும்புவான்? அடுத்த ஆண்டுக்கு விதைமுயல் வேண்டாமா?

இதை முதலில் கண்டுகொண்டு துணிந்து நடந்தது நியூசிலாந்து. 1876இலேயே முயல் தொல்லைச் சட்டம் போட்ட நாடு அது. 1880களில் முயலைப் பிடிக்கட்டும் என்று ஃபெரட், ஸ்டோட் முதலிய கீரி போன்ற விலங்குகளைக் கொண்டுவந்து விட்டது. அவை பறக்கத் தெரியாத உள்நாட்டுப் பறவைகளைத் தின்றது தனிச் சோகம். 1947இல் முயல் ஒழிப்பு மன்றம் ஒன்றை அமைத்தார்கள். முயலை விலைபோகாத பொருளாக்குவதுதான் அதன் கொள்கை. தோல் வணிகமும் கறி வணிகமும் படிப்படியாக மூடப்பட்டன. பிடிக்கும் ஆளுக்குத் தோலுக்குக் கூலி இல்லை, ஒழிக்கும் வேலைக்கு மாதச் சம்பளம். முயல் மீந்தால் அவருக்கு லாபமில்லை. நிர்வாகத்தில் செய்த இந்த ஒரு மாற்றம் ஆயிரம் ரைஃபிளுக்குச் சமம் என்பேன்.

அதே நியூசிலாந்தில்தான் மத்திய ஒட்டாகோவின் அலெக்சாண்ட்ரா ஊரில் ஈஸ்டர் முயல் வேட்டை நடக்கிறது. குழு குழுவாகப் பெரிய வெள்ளியன்று காலை புறப்பட்டு, இரவெல்லாம் விளக்கடித்துச் சுட்டு, மறுநாள் ஊருக்கு நடுவே முயல்களைக் குவித்து எண்ணுவார்கள். பத்தாயிரத்தைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. ஊர் திருவிழாவாக நல்ல விழா. ஆனால் குவியல் பெரிதாக இருக்கும் ஆண்டில் எல்லாரும் மகிழ்வதுதான் எனக்குப் புரியவில்லை. பத்தாயிரம் சுட முடிந்தது என்றால் பண்ணைகளில் எத்தனை இருந்திருக்க வேண்டும்? இதே பகுதி விவசாயிகள், அரசு அனுமதி மறுத்த கலிசி வைரஸை 1997இல் கள்ளத்தனமாகக் கொண்டுவந்தார்கள். நோயில் செத்த முயலின் உறுப்புகளைச் சமையலறை மிக்சியில் அரைத்து, தீனியில் கலந்து தூவினார்கள். அரைகுறையாகத் தூவியதால் பல முயல்கள் சாகாமல் எதிர்ப்பைப் பெற்றன என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. துப்பாக்கி போதும் என்றிருந்தால் யாரும் அந்த மிக்சியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

மற்ற வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் வலைவேலிக்குக் கண்ணளவு 31 மில்லிமீட்டர், அதற்கு மேல் போனால் குட்டி நுழைந்துவிடும். அடிப்பகுதியை முயல் வரும் பக்கமாக மடித்து மண்ணில் பதிக்க வேண்டும். விலை அதிகம், ஆனால் காய்கறிப் பயிருக்கு அதுதான் ஒரே உறுதி. வளைக்குள் அலுமினியம் பாஸ்பைடு போட்டு வாயை மூடுவதுண்டு. நம் தானியக் கிடங்குகளில் வண்டுக்குப் போடும் அதே மாத்திரை, அதே ஆபத்து. ஃபெரட்டை வளைக்குள் விட்டு வாயில் வலை கட்டிப் பிடிப்பது பழைய முறை, இன்றும் குளிர்காலத்தில் நன்றாகவே பலிக்கிறது. வேலியைத் தவிர இவை எல்லாமே வளையைக் குறிவைப்பவை. துப்பாக்கி மட்டும்தான் வயலைக் குறிவைப்பது.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டால் அந்த இரவு விளக்குக்கு வேலை இல்லையா? அதன் நல்ல வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் முயல் எண்ணிக்கையை அறிய, குறித்த ஒரு தடத்தில், குறித்த வேகத்தில், விளக்கடித்துக்கொண்டு வண்டியில் போய் எண்ணுவார்கள். கிலோமீட்டருக்கு எத்தனை என்று எழுதிக்கொள்வார்கள். ஒரே இரவை நம்பாமல் அடுத்தடுத்த இரவுகளிலும் போவார்கள். மழை, நிலா, காற்று எல்லாம் கணக்கைக் கெடுக்கும் என்பதால். எல்லா முயலும் ஒரே நேரத்தில் வெளியே இருப்பதில்லை, ஆகவே கிடைப்பது மொத்தம் அல்ல. ஆனால் போன ஆண்டு இதே தடத்தில் இருபது, இந்த ஆண்டு ஆறு என்றால் ஏதோ பலித்திருக்கிறது. நியூசிலாந்தில் எச்சம், கால்தடம், கண்ணில் படும் முயல் இவற்றைப் பார்த்து 1 முதல் 8 வரை மதிப்பெண் போடும் மெக்லீன் அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. இரவுக் கணக்கு எடுக்கிற பண்ணைக்காரர் சுடும் பண்ணைக்காரரைவிடக் குறைவாகவே தோட்டா வாங்குவார் என்று எனக்குத் தோன்றுகிறது. விழுந்ததை எண்ணுவது எளிது, கையில் இருக்கிறது. மீந்ததை எண்ணுவதற்கு மறுபடி குளிரில் போக வேண்டும்.

மீந்ததை எண்ண வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சில இடங்களில் அது குறைந்துபோவதும் கேடு. பிரான்சில் அர்மான் தெலீல் என்ற மருத்துவர் 1952இல் தன் தோட்டத்தில் மிக்சோமா வைரஸை விட்டார். மறு ஆண்டே அது பிரிட்டனின் கென்ட் மாவட்டத்துக்கு வந்துசேர்ந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பிரிட்டனின் முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தன. விவசாயிகள் கொண்டாடினார்கள். மேய்ச்சல் நின்ற மேட்டு நிலங்களில் புல் உயர்ந்தது, தரை குளிர்ந்தது, வெயில்பட்ட குட்டைப்புல்லில் மட்டும் வாழும் ஒருவகைச் சிவப்பு எறும்பு மறைந்தது. அந்த எறும்பின் புற்றுக்குள் புழுவாக வளரும் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி 1979இல் பிரிட்டனில் அற்றுப்போனது. பிற்பாடு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்துதான் அதை மறுபடி குடியேற்றினார்கள். இப்போது கிழக்கு இங்கிலாந்தின் பிரெக்லண்ட் மணற்பகுதியில், முயல் குறைந்துவிட்டதே என்று சுள்ளிகளைக் குவித்து வைத்து அவற்றுக்குப் பதுங்கிடம் செய்துகொடுக்கிறார்கள். குழிமுயலின் தாயகமான ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியில் அது அழியும் நிலையிலுள்ள உயிரினம் என்று 2019இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டது. ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை அதை நம்பித்தான் வாழ்கிறது. அதே ஸ்பெயினின் வேறு மாவட்டங்களில் முயல் திராட்சைக் கொடியையும் தானியத்தையும் தின்கிறது என்று விவசாயிகள் போராடுகிறார்கள். ஒரே நாட்டில் ஒரே விலங்குக்கு இரண்டு விதி. ஆக, ‘முயலைச் சுடலாமா’ என்று பொதுவாகக் கேட்பதற்குப் பொருளில்லை. எந்த வயல், எந்த மாதம், எத்தனை மீந்திருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

பிரிட்டிஷ் பண்ணைக்காரர் என்னிடம் யோசனை கேட்கப் போவதில்லை. கேட்டால் இதைத்தான் சொல்வேன். அறுவடை முடிந்ததும் வளைகளை வரைபடத்தில் குறியுங்கள். முன்பனிக்காலத்தில் வளைகளைக் கவனியுங்கள், இடிக்கவோ ஃபெரட்டை விடவோ. பக்கத்துப் பண்ணைக்காரரையும் கூட்டுச் சேருங்கள், முயலுக்கு வேலிக்கல் தெரியாது. ஜனவரி, பிப்ரவரியில் மிச்சத்தை இரவில் சுடுங்கள். தலையில் படும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். குட்டி வளையில் இருக்கும் மாதங்களில் தாயைச் சுட்டால் குட்டி பட்டினியில் சாகும், அதைத் தவிருங்கள். ஆகஸ்டு வேட்டைக்கு நண்பர்கள் ஆசைப்பட்டால் விளையாட்டு என்றே சொல்லி அழைத்துப் போங்கள், பயிர்ப் பாதுகாப்பு என்று சொல்ல வேண்டாம்.

துப்பாக்கி தன் சரியான இடத்தில் நின்று வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமானால் பண்ணையை விட்டு ஒரு தீவுக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் அன்டார்க்டிகாவுக்கும் நடுவில் உள்ள மக்குவாரித் தீவில் 19ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக்காரர்கள் கறிக்காக விட்ட முயல்கள் மலைச்சரிவுகளையே மொட்டையாக்கியிருந்தன. 2011இல் முதலில் கலிசி வைரஸை விட்டார்கள். பிறகு குளிர்காலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து நச்சுத் தீனியைத் தூவினார்கள். அதன் பிறகுதான் வேட்டையர்கள் பயிற்சி பெற்ற நாய்களோடு இறங்கினார்கள். அவர்களுக்கு மீந்திருந்தவை பதின்மூன்று முயல்கள். அவற்றையும் அந்த ஆண்டு முடிவதற்குள் கண்டுபிடித்துத் தீர்த்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல், மழையிலும் காற்றிலும், தீவு முழுக்க நடந்து தேடினார்கள். சுடுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2014 ஏப்ரலில் மக்குவாரித் தீவில் முயல் இல்லை என்று அறிவித்தார்கள்.